நெஞ்சு வலி வந்தால் முடிவைக் கடைப் பையனிடம் விடுங்கள்!

நமது சங்க இதழின் கடைசிப் பக்கங்களில் மாதந்தோறும் கண்ணீர் அஞ்சலி அறிவிப்புகள் வருகின்றன. மார்க்கெட் நிலவரத்தைப் பார்த்து முடித்ததும் நம்மில் பெரும்பாலோர் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவோம். படத்துக்குக் கீழே போட்டிருக்கும் வயதைப் பார்த்தால் மனம் திக்கென்கிறது. பேரன் பேத்தி எடுத்து நிறைவாக வாழ்ந்தவர்கள் ஒருபுறம் இருக்க, மகளுக்கு இன்னும் கல்யாணம் முடிக்காதவர்களும், கடன் வாங்கி இரண்டாவது கடை திறந்தவர்களும் அதே பக்கத்தில் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கும் போடப்படுகிற வாசகம் ஒன்றேதான்: "திடீர் மாரடைப்பால் இயற்கை எய்தினார்".

இந்தத் "திடீர்" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்து உயிர் விடுவதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் துக்க வீட்டில் உட்கார்ந்து மெல்ல விசாரித்துப் பாருங்கள். "காலையிலேயே நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு சொன்னாக", "ரெண்டு நாளா படி ஏறினா மூச்சு வாங்குச்சு", "நேத்து ராத்திரி வேர்த்து ஊத்துச்சு, ஃபேனைப் போடச் சொன்னாக" என்று யாராவது ஒருவர் சொல்வார். கொள்முதல் விலை ஏறப்போகிறது என்று நாலு நாள் முன்னால் மோப்பம் பிடித்துவிடுகிற நாம், நம் நெஞ்சு கொடுக்கிற தாக்கலை மட்டும் நம்புவதில்லை.

முதலில் மாரடைப்பு என்றால் என்னவென்று இரண்டு வரியில் பார்த்துவிடுவோம். இருதயத்தின் தசைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்களின் உட்சுவரில் வருடக்கணக்காகக் கொழுப்புப் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவில் வெடிப்பு விழ, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. அந்த நிமிடத்திலேயே எல்லாம் முடிந்துவிடுவதில்லை என்பதுதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ரத்தம் போகாத தசை கொஞ்சம் கொஞ்சமாக, மணிக்கணக்கில் சாகிறது. சீக்கிரம் அடைப்பைத் திறந்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். தாமதித்தால் செத்த தசை செத்ததுதான்; எந்த மருந்தாலும் அது திரும்புவதில்லை.

நாம் கணக்குத் தெரிந்தவர்கள் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். உறைவைக் கரைக்கும் ஊசி போட்டுக்கொண்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு 1996ஆம் ஆண்டு வெளியானது. வலி தொடங்கி முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட்டால் 1,000 பேருக்குக் கூடுதலாக 65 உயிர்கள் பிழைக்கின்றன. இரண்டாவது மணி நேரத்தில் போட்டால் அது 37. மூன்றாவது மணி நேரத்தில் 26. மருந்து அதேதான், கைராசியும் அதேதான். கடிகாரம் மட்டும்தான் வேறு. ஒரு மணி நேரத்தில் மதிப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடுகிற சரக்கை நம்மில் யாராவது குடோனில் போட்டு வைப்போமா?

ஆனால் நாம் எவ்வளவு நேரம் கழித்துப் போகிறோம்? இந்தியாவில் 50 ஊர்களில், 89 மருத்துவமனைகளில், 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2008ல் வெளிவந்தது. வலி தொடங்கி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க ஆன நேரத்தின் நடுப்புள்ளி 360 நிமிடம், அதாவது ஆறு மணி நேரம். பாதிப்பேருக்கு அதைவிடவும் அதிகமாகியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு கரைக்கும் ஊசி போட ஆன நேரமோ 50 நிமிடம். ஆஸ்பத்திரியில் காக்க வைக்கிறான், டாக்டர் வரவில்லை என்று நாம் குறை சொல்கிறோம். அதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் அந்த ஆறு மணி நேரத்தைத் தின்றது வீடும் கடையும் வழியும்தானே தவிர ஆஸ்பத்திரி அல்ல.

இன்னொன்றும் உண்டு. 52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வொன்றில், நம் தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது 53 என்றும், மற்ற நாட்டவரைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டு முன்னதாகவே வருகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். 53 வயது என்பது ஒரு வியாபாரிக்கு என்ன வயது? தொழில் கைக்கு வந்து, பையனைக் கல்லாவில் உட்கார வைக்கலாமா என்று யோசிக்கத் தொடங்குகிற வயது.

மற்றவர்களைவிட வியாபாரிகள் இதில் கூடுதலாகத் தாமதிக்கிறோம் என்பது என் அபிப்பிராயம். அதற்கு நம் தொழிலிலேயே காரணங்கள் இருக்கின்றன. ஆபீசில் வேலை பார்ப்பவர் ஒரு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். நாம் எழுந்தால் கல்லா காலி. லாரி வாசலில் நிற்கும். வசூலுக்கு வந்தவர் பெஞ்சில் காத்திருப்பார். ஜி.எஸ்.டி. ரிட்டனுக்கு நாளை கடைசித் தேதியாக இருக்கும். விடிகாலையில் கடை திறந்து, பதினொரு மணிக்குச் சாப்பிட வேண்டிய காலை இட்லியைச் சாப்பிடாமலேயே விட்டு, நெஞ்சு எரிந்தால் வெறும் வயிறு என்று நாமே முடிவு கட்டிக்கொள்வோம். மாரடைப்பு காலை நேரத்தில்தான் அதிகம் வருகிறது என்று டாக்டர்கள் 1980களிலேயே கண்டறிந்து சொல்லியிருக்கிறார்கள். நமக்கு வியாபாரம் சூடு பிடிக்கிற நேரமும் அதுதான்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. வாய்வுக்கு என்னென்ன மருந்து உண்டோ அத்தனையும் நம் கடை அலமாரியிலேயே இருக்கிறது! ஓமம், பெருங்காயம், சுக்கு, இஞ்சி மிட்டாய், ஈனோ பாக்கெட், ஐஸ் பெட்டியில் சோடா. கையை நீட்டினால் போதும். சோடாவைக் குடித்துவிட்டு ஒரு ஏப்பம் வந்தால் "ஆங், வாய்வுதான்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். ஏப்பம் வந்தது சோடாவால். அது நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதற்குச் சாட்சி அல்ல. மாரடைப்பிலும் வாந்தி வருவதுபோல் இருக்கும், மேல்வயிறு கனக்கும், ஏப்பம் வரும். சோடா குடித்து, பத்து நிமிடம் பார்த்து, அமிர்தாஞ்சனம் தேய்த்து, இன்னும் அரை மணி பார்த்து, வீட்டுக்குப் போய்ப் படுத்து, சாயந்தரம் தெருமுனை டாக்டரிடம் போய் ஊசி போட்டு... அந்த ஆறு மணி நேரக் கணக்கு இப்படித்தான் சேருகிறது.

எங்கள் பஜாரில் ஒரு பருப்பு மண்டிக்காரர். பெயர் வேண்டாம். காலை ஒன்பதரை மணிக்குத் துவரம் பருப்பு லோடு வந்து நிற்கிறது. அப்போதே நெஞ்சைப் பிடித்திருக்கிறார். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. கடையில் வேலை பார்க்கும் பையன் இரண்டு தரம் கேட்டிருக்கிறான்: "அண்ணாச்சி, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோமா?" "சும்மா இருலே, வாய்வுதான். லோடு இறங்கட்டும்." லோடு இறங்கியது. எடை சரிபார்த்து, டிரைவருக்கு வாடகை எண்ணிக் கொடுத்து, பில்லில் கையெழுத்தும் போட்டார். வீட்டுக்குப் போய்ப் படுத்தார். ஈ.சி.ஜி. எடுத்தபோது மணி நாலு. உயிர் பிழைத்தார், கடவுள் புண்ணியம். ஆனால் இருதயத்தின் முன்பக்கத் தசை பெரும்பகுதி போய்விட்டது. இன்று அவரால் மாடிப்படி ஏற முடியாது, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் இளைக்கிறது. மண்டியைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. பட்டணத்தில் படித்துக்கொண்டிருந்த மகன் படிப்பைப் பாதியில் விட்டு வந்து நிற்கிறான். அன்று இறங்கிய லோடில் என்ன லாபம் நின்றிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பிற்பாடு அந்தப் பையனிடம், "ஏண்டா, நீயாவது 108க்குப் போன் பண்ணக் கூடாதா?" என்று கேட்டேன். "அண்ணாச்சி வைவாகன்னு பயந்துட்டேன்" என்றான்.

அவன்மேல் குற்றமில்லை. கல்லாவில் இருப்பவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது என்று கடைக்குக் கடை பழக்கி வைத்திருப்பது நாம்தான். வியாபாரத்துக்கு அந்தக் கட்டுப்பாடு தேவை. ஆனால் மாரடைப்பு வந்தவருக்கு அந்த நேரத்தில் சரியாக முடிவெடுக்கும் தெம்பு இருப்பதில்லை. பயம், மானம், செலவு பற்றிய யோசனை, "நமக்கெல்லாம் வராது" என்ற அசட்டுத் தைரியம் எல்லாம் சேர்ந்து வாயிலிருந்து "ஒண்ணுமில்லை" என்ற சொல்லைத்தான் வரவழைக்கும். ஆகவேதான் சொல்கிறேன்: முடிவெடுக்கும் அதிகாரத்தை இன்றைக்கே, திடமாக இருக்கும்போதே, கடையிலுள்ள இன்னொருவர் கையில் கொடுத்து வையுங்கள். "எனக்கு நெஞ்சில் அழுத்தமோ வலியோ வந்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்தும் அடங்கவில்லை என்றால், நான் வேண்டாம் என்று சொன்னாலும் நீ 108க்குப் போன் போடு. வைதாலும் போடு. அது வாய்வாகவே இருந்தாலும் உன்னை ஒன்றும் சொல்லமாட்டேன்." இதை எல்லார் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கணக்குப்பிள்ளைக்கும், பொட்டலம் மடிக்கிற பையனுக்கும், பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டிலும் இதே உத்தரவு.

அடையாளங்களை அவர்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சினிமாவில் காட்டுவதுபோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கத்தி விழுவது அபூர்வம். பலருக்கு "வலி" என்று சொல்லவே தோன்றாது. நெஞ்சின் நடுவில் மூட்டை ஏற்றி வைத்தாற்போல ஒரு பாரம், ஒரு பிசைவு, ஒரு இறுக்கம், ஒரு எரிச்சல் என்பார்கள். அது இடது தோளுக்கோ கைக்கோ, இரண்டு கைகளுக்குமோ, முதுகுக்கோ, கழுத்துக்கோ, கீழ்த்தாடைக்கோ பரவலாம். பல் வலி என்று நினைத்துக் கிராம்பு கடித்தவர்களும் உண்டு. சிலருக்குத் தொப்புளுக்கு மேலே மட்டும் கனக்கும். கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், தலைச்சுற்றல், இனம் தெரியாத பயம். இத்தனையும் வரவேண்டும் என்பதில்லை. இந்தப் பட்டியலில் வியர்வையை நான் தனியே குறித்துக்கொள்வேன்: மூட்டை தூக்காமல், வெயிலில் நிற்காமல், கல்லாவில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு நெஞ்சுப் பாரத்தோடு சட்டை நனைகிறது என்றால் அதை வாய்வு என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

சர்க்கரை வியாதிக்காரர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். நரம்புகள் மரத்துப்போயிருப்பதால் வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். திடீர் இளைப்பும் சோர்வும் வியர்வையும் மட்டுமே தாக்கலாக இருக்கும். நம் தொழிலில் சர்க்கரை இல்லாதவரை விரல்விட்டு எண்ணிவிடலாம் போலிருக்கிறது! பெண்களுக்கும் அப்படித்தான். இன்று எத்தனையோ கடைகளில் கல்லாவில் இருப்பது வீட்டம்மாதான். நெஞ்சு வலியோடு, அல்லது அது இல்லாமலேயே, அவர்களுக்கு அசதி, மூச்சு வாங்குதல், முதுகு வலி, வாந்தி என்று வரும். "வேலை அலுப்பு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்காகக் கேட்க ஆள் இருப்பதில்லை என்பதால் தாமதம் அங்கே இன்னும் கூடுதல்.

சில பேருக்குப் பல நாள் முன்னதாகவே எச்சரிக்கை வரும். மாடி குடோனுக்கு ஏறினால், சாப்பிட்டவுடன் வேகமாக நடந்தால் நெஞ்சு இறுகும், நின்றால் விட்டுவிடும். அதுவும் இருதயத்தின் குரல்தான். அதற்கு 108 வேண்டியதில்லை. ஆனால் ஓரிரு நாளில் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும். அதே இறுக்கம் குறைந்த நடைக்கும் வருகிறது, உட்கார்ந்திருக்கும்போதே வருகிறது, முன்னைவிட அதிக நேரம் நிற்கிறது என்றால் அன்றே, அந்த நேரமே புறப்பட வேண்டும்.

வாய்வா மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. டாக்டர்களே கருவி இல்லாமல் சொல்லத் தயங்குகிற விஷயம் அது. ஈ.சி.ஜி. எடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் ஒரு ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்று சொன்ன மாத்திரத்தில் எழுந்து ஓடி வந்துவிடக் கூடாது. ஆரம்பத்தில் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாமல், அரை மணி கழித்து எடுத்ததில் தெரிவது உண்டு. ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையிலும் மாற்றம் தெரியச் சில மணி நேரம் பிடிக்கலாம். இருந்து பார்க்கச் சொன்னால் இருந்துதான் ஆகவேண்டும்.

இனி, போன் போட்ட பிறகு என்ன செய்வது? 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல் ஓடுகிறது. காசு கிடையாது. அதில் பயிற்சி பெற்ற உதவியாளரும் ஆக்சிஜனும் உண்டு. முதல் மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் இருதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடுவதுதான். அதனால்தான் டி.வி.எஸ். ஃபிப்டியை உதைத்துக்கொண்டு தானே ஆஸ்பத்திரிக்குப் போகிற வீரம் கூடாது என்கிறேன். பின்னால் உட்கார வைத்து இருவர் நடுவில் இறுக்கிப் பிடித்துப் போவதும் நல்லதல்ல. உங்கள் ஊருக்கு ஆம்புலன்ஸ் வர மிகவும் நேரமாகும் என்று போனிலேயே தெரிந்தால், யாருடைய காராவது எடுத்து, வேறு ஒருவர் ஓட்ட, கூட ஒருவர் போகட்டும்.

அதுவரை அவரை நடக்க விடக் கூடாது. மாடிப்படி இறக்கக் கூடாது. சாய்ந்தாற்போல் உட்கார வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, சுற்றிக் கூட்டம் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பிரின் மாத்திரை 300 மில்லிகிராம் அளவுக்கு மென்று விழுங்குவது உறைவு வளர்வதைத் தடுக்கும். ஆனால் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள், குடல் புண்ணில் ரத்தக் கசிவு உள்ளவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் எடுக்கக் கூடாது. 108 போனிலேயே கேட்டுக்கொண்டு கொடுப்பது உத்தமம். இதில் நம் கடைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நாம் பொட்டியில் வைத்து விற்கிற தலைவலி மாத்திரை எல்லாம் ஆஸ்பிரின் அல்ல. பாராசிட்டமால் இதற்கு உதவாது. அதேபோல், பக்கத்துக் கடைப் பெரியவர் பையில் வைத்திருக்கிற சார்பிட்ரேட்டை வாங்கி நாக்கடியில் வைக்கிற வழக்கம் பரவலாக இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்தவருக்கு மட்டுமே அது மருந்து. மற்றவருக்கு ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கிவிடலாம்.

வாட்ஸ்அப்பில் சுற்றுகிற "தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமுங்கள்" என்ற சேதியை நம்பி எவரும் நேரத்தைத் தொலைக்க வேண்டாம். இருமல் அடைப்பைத் திறக்காது.

நினைவு தப்பிவிட்டால், கூப்பிட்டாலும் அசைத்தாலும் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால், தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்காமல் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, மார்பின் நடு எலும்பின்மேல் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம், ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒருமுறை பொம்மையில் செய்து பழகுவது நல்லது. நம் பஜாரில் லோடு இறக்குகிற தோழர்களைவிட இதற்குத் தோதான கைகள் வேறு எங்கே கிடைக்கும்?

எந்த ஆஸ்பத்திரி என்பதை வலி வந்த பிறகு விவாதிக்கக் கூடாது. கைராசி டாக்டர், தெரிந்த டாக்டர் எல்லாம் காய்ச்சலுக்குச் சரி. உங்கள் ஊரில் இரவு பகல் எந்நேரமும் ஈ.சி.ஜி. எடுக்கிற இடம் எது, உறைவைக் கரைக்கும் ஊசி போடுகிற இடம் எது, அடைப்பை நேரடியாகத் திறக்கிற கேத் லேப் உள்ள ஆஸ்பத்திரி எவ்வளவு தொலைவு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விசாரித்து எழுதி வையுங்கள். தனியாரில்தான் உண்டு என்று நினைக்க வேண்டாம். சென்னை, மதுரை, கோவை போன்ற நகரங்களின் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் கேத் லேப் இருக்கிறது. கிராமத்துக் கடைக்காரர்களுக்கு இன்னொரு தகவல்: 2023ல் தமிழக அரசு தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் என்ற மூன்று மாத்திரைகளை முதல் உதவியாகக் கொடுத்து மேலே அனுப்புகிறார்கள்.

சின்ன ஊர்க்காரர்களுக்கு விமோசனம் இல்லை என்றும் கருத வேண்டாம். சிறிய ஆஸ்பத்திரிகளையும் கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஆம்புலன்ஸ் மூலம் இணைத்துத் தமிழ்நாட்டில் ஒரு முயற்சி நடந்தது. 2,420 நோயாளிகளைப் பற்றிய அதன் விவரம் 2017ல் வெளியானது. அந்த ஏற்பாட்டுக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 100க்கு 17.6, பின்பு 14.2. முதலில் சின்ன ஆஸ்பத்திரியில் கரைக்கும் ஊசி, பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் குழாய்ப் படம் என்ற வரிசையிலும் உயிர்கள் தப்பியிருக்கின்றன. நோயாளி நேரத்தோடு போனால்தான் இந்த ஏற்பாடெல்லாம் பயன்படும்.

"போனால் ஸ்டென்ட் வைத்துப் பில் போட்டுவிடுவான்" என்று நண்பர்கள் சிலர் சொல்வது என் காதில் விழாமல் இல்லை. அந்தச் சந்தேகம் ஆதாரமில்லாதது என்றும் சொல்லமாட்டேன். விலை கண்டபடி இருந்ததால்தானே 2017 பிப்ரவரியில் மத்திய அரசு தலையிட்டு, மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு போட வேண்டியதாயிற்று! நடமாடிக்கொண்டு நன்றாக இருக்கிறவருக்குச் சோதனையில் தெரிந்த அடைப்புக்கு அவசரமாக ஸ்டென்ட் தேவையா என்று இன்னொரு டாக்டரிடம் கேட்பது புத்திசாலித்தனம். அதற்கு நேரமும் உண்டு. ஆனால் குழாய் முழுதும் அடைத்து, தசை செத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் இரண்டாவது அபிப்பிராயம் கேட்டு ஊர் சுற்றுவது வேறு சங்கதி. தீப்பிடித்த குடோனுக்கு எவரும் மூன்று கொட்டேஷன் வாங்குவதில்லை. கையில் மருத்துவ இன்ஷூரன்ஸ் அட்டையும் கொஞ்சம் ரொக்கமும் எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அந்த நேரத்துத் தவிப்பில் பாதி குறையும். நம் பணமெல்லாம் சரக்கிலும் நிலுவையிலும் முடங்கிக் கிடக்கிறது என்பது ஆஸ்பத்திரிக் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது.

ஒன்று விட்டுப்போயிற்று. சுமை தூக்குகிறவருக்கும், தட்டு வண்டிக்காரருக்கும், லாரி டிரைவருக்கும் நம்மைப்போலவே இருதயம்தான். "நெஞ்சு வலிக்குது முதலாளி" என்று அவர்களில் ஒருவர் சொன்னால், "குடிச்சிருப்பான், வேலைக்குச் சோம்பல்" என்று தள்ளிவிடுகிற பேச்சு நம் பஜாரில் கேட்காமல் இல்லை. அவருக்கும் அதே ஐந்து நிமிடம், அதே 108.

கடைசியாக நம் பஜார்த் தெருக்களைப் பற்றி. மதுரை கீழமாசி வீதியாகட்டும், நம் ஊர்க் கடைத்தெருவாகட்டும், காலை பத்து மணிக்கு ஒரு ஆம்புலன்ஸ் உள்ளே வந்து திரும்ப முடியுமா? இருபுறமும் லோடு வண்டி, நடுவில் தட்டு வண்டி, கடை வாசலில் நாம் அடுக்கி வைத்த டின்கள். மாநகராட்சியைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த டின்கள் நம்முடையவை. அடுத்த பொதுக்குழுவில் நான் இதை வைக்கப்போகிறேன்: ஒவ்வொரு தெருவிலும் ஆம்புலன்ஸ் வந்து நிற்க ஒரு முனையைச் சங்கமே குறித்துவிட வேண்டும். அந்த இடத்தில் லோடு இறக்கக் கூடாது. உள்ளே மாட்டிக்கொண்டவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தபடி நாலு பேர் தூக்கி அந்த முனைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். 108ல் பேசுபவர் கடைப் பெயரைச் சொன்னால் போதாது. எந்தக் கோயில் எதிரே, எந்தப் பாங்க் பக்கத்தில் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அடையாளத்தையும், ஈ.சி.ஜி. எடுக்கிற ஆஸ்பத்திரி பெயரையும், வீட்டு நம்பரையும், முதலாளி எடுக்கிற மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்துகள் ஆகியவற்றையும் ஒரு அட்டையில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டலாம். அட்டையைச் சங்கச் செலவில் அச்சடித்து, இந்த ஆண்டு சந்தா ரசீதோடு சேர்த்துக் கொடுக்கலாம். மே 5 வணிகர் தினத்தன்று கொடியேற்றி முடித்ததும், மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் பயிற்சியை ஒரு மணி நேரம், முதலாளிகளுக்கு மட்டுமல்லாமல் கடைப் பையன்களுக்கும் சுமைத் தொழிலாளர்களுக்கும் நடத்தலாம். பொதுக்குழுவுக்கு வருகிறவர்கள் தத்தம் தெருவில் எந்த முனை தோதுப்படும் என்று பார்த்து வைத்துக்கொண்டு வந்தால் அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.